மூன்று தடவை சீல் மாற்றியும் நிற்காத கசிவு: ஒரு பழைய லேண்ட் குரூசரின் முன் ஆக்சில்

வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் 80, 1994இல் தயாரானது. 4.2 லிட்டர் டீசல், கையால் போடும் கியர், நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வகை. ஓடியிருப்பது மூன்று லட்சம் கி.மீ.க்கு மேல். ஸ்பிரிங் உயர்த்தப்படவில்லை, டயர் அளவு மாறவில்லை. வேலை முழுக்க வீட்டுக் கொட்டகையில் நடந்தது. லிஃப்ட் இல்லை, டிராலி ஜாக் ஒன்று, தாங்கு ஸ்டாண்ட் இரண்டு, நல்ல வெளிச்சம், அவ்வளவே.

புகார் மூன்று. இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் கறுப்புக் கஞ்சி வழிந்து ரிம்மிலும் டயர் சுவரிலும் தெறித்திருந்தது. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறியது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கியது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது இடப்பக்கம் "டக் டக்" என்று சத்தம் வந்தது.

இதற்கு முன் நடந்த வைத்தியமும் கொஞ்சமில்லை. ஆக்சில் நுனியில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் என்னும் கூட்டின் பின்புறத்தில், ஆக்சில் உருண்டையைத் துடைக்கும் வைப்பர் சீல் மூன்று தடவை மாறியிருந்தது. அதில் இரண்டு தடவை பிரிக்காமலே, ரப்பரை ஓரிடத்தில் வெட்டிச் சுற்றி மாட்டியிருந்தார்கள். உதறலுக்காக டயர் பேலன்ஸ் செய்து, ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் டேம்பரையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஒடிக்கும்போது வந்த சத்தத்துக்கு, நக்கிள் மேலிருக்கும் பிளக்கைத் திறந்து கிரீஸ் கன் கொள்ளும் மட்டும் கிரீஸ் திணித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு சில வாரங்கள் நன்றாக இருந்து, மீண்டும் பழைய கதை.

மூன்று புகாரையும் தனித்தனி வியாதியாகப் பார்த்ததுதான் இங்கே நடந்த பிழை. ஏன் என்பது புரிய, இந்த ஆக்சில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம்.

இரு ஆக்சில் குழாய்களுக்கும் இடையே டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. அதற்குள் கியர் ஆயில். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் குழாய்க்குள் ஒரு தண்டு சக்கரத்தை நோக்கி ஓடுகிறது. ஆக்சில் குழாயின் இரு நுனியிலும் ஓர் உருண்டை. உருண்டையைச் சுற்றி நக்கிள் என்னும் வார்ப்புக் கூடு, மேலும் கீழும் ஒரு சாய்வுருளை பேரிங்கின் மேல் நின்று திரும்புகிறது. கூட்டுக்குள் பிர்ஃபீல்ட் ஜாயின்ட், சக்கரம் ஒடித்திருந்தாலும் தண்டின் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. ஆறு குண்டு, ஒரு கூண்டு, நட்சத்திர வடிவ உள்துண்டு. இந்தக் கூட்டுக்கு உரியது மாலிப்டினம் கலந்த கிரீஸ். குழாயின் ஆயிலையும் கூட்டின் கிரீஸையும் பிரித்து வைப்பது குழாய் வாயில் இருக்கும் ஒரே ஓர் உள் ஆயில் சீல். நக்கிளின் பின்னால் இருக்கும் வைப்பர் வெறும் துடைப்பான்: ஃபெல்ட் வளையம், ரப்பர் வளையம், இரும்பு வளையம். மண்ணும் நீரும் உள்ளே வராமல் பார்ப்பதும், கெட்டி கிரீஸை உள்ளே வைத்திருப்பதும் அதன் வேலை. ஆயிலைத் தடுக்க அது செய்யப்படவே இல்லை. பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்களில் இதே இடத்தில் ஆயில்தான் இருக்கும். அதற்காகவே அங்கே குரோம் பூசிய உருண்டையும் உதடு வைத்த பெரிய சீலும் உண்டு. டொயோட்டாவில் அந்த ஏற்பாடு கிடையாது.

ஆக, வெளியே வழிவது கெட்டி கிரீஸ் என்றால் வைப்பரைச் சந்தேகிக்கலாம். வழிவது மெல்லிய கஞ்சி என்றால் உள் சீல் போய்விட்டது. வைப்பரை எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது.

பிரிக்கும் முன் செய்த சோதனைகள்

முதலில் நக்கிள் பிளக்கைத் திறந்து வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தோம். ஆரோக்கியமான நக்கிளில் கம்பி நுனியில் வெண்ணெய் போல ஒரு கட்டி ஒட்டி வரும். இங்கே கம்பியிலிருந்து தேன் சொட்டுவது போல ஒழுகியது. முகர்ந்தால் கியர் ஆயிலின் கந்தக வாடை. வலப்பக்கத்தில் கிரீஸ் கறுத்திருந்தாலும் கெட்டியாகவே இருந்தது.

அடுத்து டிஃபரன்ஷியல் ஆயில். வடித்து அளந்தபோது இரண்டு லிட்டர்கூடத் தேறவில்லை. இந்த முன் ஆக்சில் கொள்ளுவது ஏறத்தாழ 2.8 லிட்டர். நிறம் பால் கலந்த தேநீர் போல இருந்தது, அதாவது தண்ணீர். ஆயில் வெளியே போன கணக்கு சரி. தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? இந்தக் கேள்விதான் வேலையின் திசையை மாற்றியது.

ஆக்சிலுக்குள் காற்று போய்வர இருக்கும் ப்ரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதினால் காற்று போகவில்லை. நுனியிலிருந்த சின்ன மூடிக்குள் மண் இறுகிச் சிமென்ட் ஆகியிருந்தது. ஊசியால் குத்தியதும் தூள் தூளாக உதிர்ந்தது. ப்ரீதர் அடைத்துக்கொண்டால் ஓட்டத்தில் சூடாகும் காற்று விரிந்து ஆயிலைச் சீல் உதட்டின் மேல் தள்ளும். சூடான ஆக்சிலை அப்படியே ஓடை நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அதே உதட்டின் வழியாக வெளி நீரை உறிஞ்சும். ஒரே சீல் இரண்டு திசையிலும் அடிவாங்குகிறது.

பிறகு ஆட்டம். முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இடப்பக்கத்தில் தெளிவான ஆட்டம் இருந்தது. இது சக்கர பேரிங்கா, நக்கிள் பேரிங்கா? இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னால் விடை கிடைக்கும். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் காலிப்பரும் ஒன்றாகி, சக்கரம் மாட்டும் ஹப் நக்கிளோடு பூட்டிக்கொள்ளும். அப்போது ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங். மறையாமல் மிஞ்சினால் நக்கிள் பேரிங். இங்கே பாதி மறைந்தது, பாதி மிஞ்சியது. இரண்டுமே லூஸ். டயரை இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்ததில், இரு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் முனைகளில் குறை இல்லை. ஆக்சிலை இடத்தில் பிடித்து வைக்கும் பன்ஹார்ட் ராடின் புஷ்ஷும் ரேடியஸ் ஆர்ம் புஷ்களும் ரப்பர் வெடிக்காமல் இருந்தன.

கடைசியாக, டை ராடை விடுவித்து நக்கிளைக் கையால் மட்டும் திருப்பிப் பார்த்தோம். சக்கரம் நேராக நிற்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல "கடக்" என்று நின்றது. வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. உருளைகள் பேரிங் வளையத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து குத்துப்பட்டு, அங்கே கோடு கோடாகப் பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தின் இருபுறமும் நக்கிளுக்குப் பிடிமானம் இல்லை. உதறலுக்கு டேம்பர் மாற்றியது வலிக்கு மாத்திரை கொடுத்தது போலத்தான்.

வாங்கியவை

ஒரு பக்கத்தில்தான் நோய் என்றாலும் இரு பக்கத்தையும் பிரிப்பது என்று முடிவானது. உதறலை அடக்குவது இரு நக்கிளின் இறுக்கமும் சேர்ந்துதான். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பாதி வேலை. இரு பக்கத்துக்கும் சேர்த்து: நக்கிள் பேரிங் 4, உள் ஆயில் சீல் 2, வைப்பர் செட் 2, சக்கர பேரிங் 4, ஹப் சீல் 2, ஸ்பிண்டில் (ஹப் மேலே சுழலும் குழல்) கேஸ்கெட் 2, அதன் டஸ்ட் சீல் 2, டிரைவ் ஃபிளாஞ்ச் கேஸ்கெட் 2, ஹப் லாக் வாஷர் 2, பிர்ஃபீல்டுக்குள் இருக்கும் வளையக் கிளிப் 2, 0.1, 0.2, 0.5 மி.மீ. ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) சில. மாலிப்டினம் கிரீஸ் 400 கிராம் டியூப் மூன்று. பிர்ஃபீல்டை நிரப்பி, கூட்டை முக்கால் அளவு நிரப்ப ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டியூப் முழுதும் போய்விடும். சக்கர பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ் தனியாக ஒரு டியூப். கியர் ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம், மூன்று லிட்டர். கழுவ ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய், பழந்துணி ஒரு மூட்டை. இந்தப் பழந்துணி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது; இதைவிட அழுக்கான வேலை காரில் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

கருவிகளில் தவிர்க்க முடியாதவை மூன்று. ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட். மீன் எடை போடுவது போன்ற வில் தராசு. நல்ல பித்தளைத் தண்டு. ஹப் நட்டை உளி வைத்துச் சுத்தியால் தட்டித் திருப்புவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இந்த வண்டியின் நட்டிலும் உளி வடுக்கள் இருந்தன. அப்படிச் செய்தவருக்கு இறுக்கம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

பிரித்தல்

காலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாயைத் திறக்காமல், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். குழாயின் மேல் எடை தொங்கக்கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியானால் சென்சாரையும் கழற்றி ஓரமாக வைப்பது நல்லது.

தண்டின் சுழற்சியை ஹப்புக்குத் தரும் டிரைவ் ஃபிளாஞ்ச் ஆறு நட்டில் நிற்கிறது. நட் எளிதில் வரும், அடியிலிருக்கும் கோன் வாஷர்தான் வராது. பிளவுள்ள அந்தச் சின்னக் கூம்பு, ஸ்டட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் உடைவது வாஷர்தான். செய்ய வேண்டியது: நட்டை ஸ்டட் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, ஃபிளாஞ்சின் விளிம்பை ஸ்டட்டுக்குப் பக்கத்தில் பித்தளைத் தண்டு வைத்துப் பலமாக ஓர் அடி. மூன்றாவது நான்காவது அடியில் வாஷர் "டிங்" என்று ஒரு நூல் மேலெழும். நட் கழன்றிருந்தால் அது எகிறிக் கொட்டகையின் மூலைக்குப் போயிருக்கும். ஆறையும் இப்படி எழுப்பிய பிறகே நட்டை முழுக்கக் கழற்ற வேண்டும். நக்கிளை டை ராடோடு இணைக்கும் ஸ்டீயரிங் ஆர்மின் நான்கு ஸ்டட்டிலும் இதே கதைதான், அங்கே இன்னும் பிடிவாதம் கூடுதல்.

ஹப்பின் லாக் வாஷர் காதுகளை நிமிர்த்தி வெளி நட், வாஷர்கள், உள் நட் என்று எடுத்தபோது இடப்பக்க உள் நட் விரலாலேயே சுழன்றது. அதன் பின்னிருந்த நாக்கு வாஷரின் நாக்கு பாதி தேய்ந்திருந்தது. ஸ்பிண்டில் எட்டு போல்ட்டில் நிற்கிறது. போல்ட் எடுத்ததும் பித்தளைத் தண்டால் சுற்றிலும் தட்டினால் விடும். அந்த நேரத்தில் அடியில் ஒரு பழைய தட்டு இருப்பது அவசியம், கூட்டிலிருக்கும் கஞ்சி முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும்.

ஆக்சில் தண்டை வெளியே இழுக்கும் முன் கவனிக்க ஒன்று: பிர்ஃபீல்டின் மணி போன்ற வெளித்துண்டில் தட்டையாகச் சீவிய முகங்கள் உண்டு. தட்டை முகம் மேலே வரும்படி திருப்பினால்தான் நக்கிள் வாயைத் தாண்டும். இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் வராது. வராததைச் சுத்தியால் வரவழைக்க முயன்றவர்கள் உண்டு.

ஷிம்களை எடுக்கும்போது இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு உறையில் எழுதிப் போட்டோம். இந்த உறைகள்தான் பிறகு உண்மையைச் சொல்லின.

கண்டது என்ன

இடப்பக்க உள் சீலைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உதட்டின் கீழ்ப்பாதி அகலமாக நசுங்கிப் பளபளத்தது; மேல்பாதி புதுச் சீல் போலக் கூர்மையாக இருந்தது. சுழல்வது தண்டு, நிற்பது சீல். தண்டு நடுவில் சுழன்றால் உதடு சுற்றிலும் ஒரே அளவில் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், தண்டு நடுவில் இல்லை என்று அர்த்தம்.

ஷிம் உறைகளைப் பிரித்தோம். வலப்பக்கத்தில் மேலும் கீழும் ஷிம் இருந்தது. இடப்பக்கத்தில் கீழ் உறை காலி. எல்லாம் மேலேயே அடுக்கப்பட்டிருந்தன. முன்பு ஒரு தடவை நக்கிளைப் பிரித்தவர் கீழ் ஷிமையும் மேலே போட்டுவிட்டார் போலும். மொத்தத் தடிமன் மாறாததால் இறுக்கம் சரியாகவே தெரிந்திருக்கும். ஆனால் இரண்டு ஷிம்முக்கும் வேலை ஒன்றல்ல. வண்டியின் பாரம் உருண்டை வழியாகக் கீழ் பேரிங்கில் இறங்குகிறது. எனவே உருண்டையோடு ஒப்பிட நக்கிள் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைக் கீழ் ஷிம் முடிவு செய்கிறது. மேல் ஷிம் பேரிங்கின் இறுக்கத்தை மட்டும் முடிவு செய்கிறது. கீழ் ஷிம் போனதால் அரை மி.மீ. அளவுக்கு நக்கிள் தாழ்ந்து, அதோடு ஸ்பிண்டிலும் தாழ்ந்து, தண்டின் வெளி முனையும் சீலின் கீழ் உதட்டில் சாய்ந்து ஓடியிருக்கிறது. ப்ரீதர் அடைத்துக்கொண்டதும், ஏற்கெனவே பிடிமானம் குறைந்திருந்த மேல் உதட்டின் வழி ஆயில் கூட்டுக்குள் வரத் தொடங்கியது.

அதன் பிறகு எல்லாம் சங்கிலி போல. ஆயில் கலந்த கிரீஸ் கஞ்சியாகி ஸ்பிண்டிலுக்குள் புகுந்து சக்கர பேரிங்கின் கிரீஸைக் கழுவியது. பேரிங் தேய்ந்து லூஸாகி நட் ஆடியது. நக்கிள் பேரிங்கில் துரு கலந்த நீர் நின்றது. பிர்ஃபீல்ட் கெட்டி கிரீஸ் இல்லாமல் ஓடியது. மேலே பிளக் வழியாகத் திணித்த கிரீஸ், கூட்டின் காலி இடத்தையும் அடைத்து வைப்பரை இன்னும் வெளியே தள்ளியது.

தண்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவினால் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வளையப் பள்ளம். புதுச் சீலை இதன் மேல் போட்டால் மூன்று மாதம்கூட நிற்காது. 0.3 மி.மீ.க்கும் மெல்லிய எஃகு உறையை அந்த இடத்தில் ஏற்றினோம். உதடு உட்கார அது போதும், அளவு மாறாது. உறை ஏறும் இடத்தில் சிறு பிசிறு இருந்தாலும் உறை புடைக்கும், அதனால் உப்புத்தாளால் முதலில் தேய்த்துச் சமமாக்க வேண்டியிருந்தது.

பிர்ஃபீல்டைக் கழற்ற, தண்டைக் குழாயொன்றில் நட்டு, நட்சத்திரத் துண்டின் மேல் பித்தளைத் தண்டால் ஓர் அடி. உள்ளிருக்கும் கிளிப் சுருங்கிக் கழன்றுவிடும். குண்டும் கூண்டும் பிரித்துக் கழுவிப் பார்த்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சுவர் மட்டும் பளபளத்துச் சற்றே குழிந்திருந்தது. முன்னோக்கி இழுக்கும் பாரம் எப்போதும் அந்தச் சுவரில்தான். கூண்டில் விரிசல் இல்லை, பள்ளத்தில் உரிந்த இடமும் இல்லை. இப்படி இருந்தால் புது ஜாயின்ட் வாங்க வேண்டியதில்லை. தண்டுகளின் நீளம் இரு பக்கமும் வேறு வேறு என்றாலும் ஜாயின்ட் ஒன்றே. இடதை வலதிலும் வலதை இடதிலும் போட்டால் சுழற்சி தலைகீழாகி, தேயாத சுவர் பாரம் வாங்கும். பள்ளம் உரிந்திருந்தாலோ கூண்டின் சாளர மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ இந்த வித்தை பலிக்காது. அப்போது புதிதுதான்.

ஸ்டீயரிங் ஆர்ம் ஸ்டட்களில் இரண்டு, நட்டோடு சேர்ந்தே கழன்று வந்தன. இந்த வகை ஆக்சிலில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. ஸ்டட் தளர்ந்து ஓடினால் ஓட்டை நீள்வட்டமாகும், ஒரு நாள் ஸ்டட் அறுபடும், சக்கரம் ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்காது. நல்லவேளையாக ஓட்டைகள் வட்டமாகவே இருந்தன. நூலில் ஒட்டிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் போக்கி, நூல் பூட்டும் பசை தடவி ஸ்டட்களை மறுபடி இறக்கினோம்.

சேர்த்தல்

உருண்டையின் துருப்புள்ளிகளை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆழமான குழி இரண்டை எபாக்ஸி வைத்து நிரப்பிச் சமமாகச் சீவினோம். பழைய பேரிங் வளையங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுத்து, புதியதை உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து இறக்கினால் சிரமமில்லை. வளையம் அடியில் உட்கார்ந்ததும் அடிக்கும் சத்தம் மாறும், அதுவரை விடக்கூடாது.

மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. இதற்கென்று தொழிற்சாலைக் கருவி ஒன்று உண்டு. அதை இரவல் வாங்கி அளந்ததில் இடப்பக்கத்தில் கீழே 0.5 மி.மீ., மேலே 0.4 மி.மீ. என்று வந்தது. கருவி கிடைக்காதவர்கள் பழைய ஷிமை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்களோ அந்தப் பக்கத்திலேயே போட்டு, இறுக்கத்துக்காக மேல் ஷிமை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது. கீழ் ஷிமில் கை வைக்கவே வேண்டாம்.

வைப்பர் செட்டை நக்கிளுக்கு முன்பே உருண்டையின் பின்னால் மாட்டிவிட வேண்டும். நக்கிளை ஒட்டி ஃபெல்ட், அடுத்து ரப்பர், வெளியே இரும்பு வளையம். மறந்தால் மறுபடி எல்லாம் கழற்றல். ரப்பரை வெட்டி மாட்டும் பழக்கம் பிறந்ததே இந்த மறதியால்தான் இருக்க வேண்டும்.

ஸ்டீயரிங் ஆர்ம், பேரிங் மூடி நட்கள் 96 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு, தண்டும் வைப்பரும் பூட்டாத நிலையில், டை ராட் மாட்டும் ஓட்டையில் வில் தராசைக் கொக்கி போட்டு, ஆர்முக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு 3 முதல் 6 கிலோ காட்ட வேண்டும். முதல் அளவில் 7 காட்டியது. சந்தேகப்பட்டுப் பார்த்தால் வைப்பரின் இரண்டு போல்ட் ஏற்கெனவே இறுக்கப்பட்டிருந்தது, அந்த ஃபெல்ட் உரசலையும் சேர்த்துத் தராசு எடை போட்டிருக்கிறது. தளர்த்தி அளந்தால் உண்மையான எண் 2 கிலோ. மேலே 0.1 மி.மீ. ஷிம் ஒன்றை எடுத்ததும் 4.5 வந்தது. அந்தச் சிறு தவறை விட்டிருந்தால் லூஸ் நக்கிளோடே வண்டி வெளியே போயிருக்கும்.

உள் சீலைக் குழாய் விளிம்போடு சமமாக, கோணாமல் அடித்து இறக்க வேண்டும்; பழைய பேரிங் வளையமோ சரியான அளவுக் குழாய்த் துண்டோ போதும். உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும். பிறகு வருவதுதான் இந்த வேலையில் அதிகம் சொதப்பும் இடம்: தண்டை நுழைப்பது. தண்டு கனமானது, அதன் நுனிப் பற்கள் கூர்மையானவை. கை சற்றுத் தாழ்ந்தால் பற்கள் புதுச் சீலின் உதட்டை உழுதுவிடும். வலப்பக்கத்தில் அதுதான் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத காயம். விரல் நுனியால் உதட்டை வருடியபோது ஓரிடத்தில் சுணை போலத் தட்டியது. சீலை எடுத்து வேறு போட்டோம். இரண்டாம் தடவை, தண்டின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி மாட்டி, ஒருவர் வெளியே தாங்க, இன்னொருவர் விரலைக் கூட்டுக்குள் விட்டுத் தண்டை நடுவில் வைத்து நுழைத்தார். டிஃபரன்ஷியல் பற்களில் சேர மெதுவாகத் திருப்பினால் தானாக "கிளக்" என்று உட்காரும். தள்ளிப் பயனில்லை.

ஸ்பிண்டில் போல்ட் 47 நியூட்டன் மீட்டர். சக்கர பேரிங்குக்கு உள் நட்டை முதலில் 59 வரை இறுக்கி, ஹப்பை இரு திசையிலும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி உருளைகளை உட்கார வைத்து, பிறகு தளர்த்தி 5.4 நியூட்டன் மீட்டருக்கு மறுபடி இறுக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணோடு நின்றுவிடக்கூடாது. சக்கர ஸ்டட் ஒன்றில் வில் தராசை மாட்டி இழுத்தால், ஹப் சுழலத் தொடங்கும்போது ஏறத்தாழ 2.8 முதல் 5.7 கிலோ காட்ட வேண்டும். அதுதான் உண்மையான அளவு. இங்கே 5.4க்கு இறுக்கியபோது தராசு இரண்டு கிலோகூடக் காட்டவில்லை. நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 5 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். பெரிய டயரும் கனமான வண்டியும் என்றால் மேல் எல்லையை ஒட்டியே வைப்பது நல்லது. வெளி லாக் நட் 64. அதை இறுக்கிய பிறகு தராசை மறுபடி பார்க்க வேண்டும், எண் கூடியிருக்கும். பிறகு லாக் வாஷரின் ஒரு காதை உள் நட்டின் மேலும் ஒன்றை வெளி நட்டின் மேலும் மடக்கினோம். தேய்ந்த நாக்கு வாஷர் குப்பைக்குப் போய்ப் புதியது வந்தது. டிரைவ் ஃபிளாஞ்ச் நட் 35, காலிப்பர் போல்ட் 123.

இடப்பக்க பிரேக் பேட்களில் கஞ்சி ஊறியிருந்தது. கிளீனர் அடித்தாலும் சூடானதும் மறுபடி கசியும், அதனால் இரு பக்கமும் சேர்த்துப் பேட் மாறியது. ப்ரீதர் மூடி புதிது. குழாயை இன்னும் உயரத்துக்கு இழுத்து, வளைவில் நசுங்காமல் கட்டினோம். டிஃபரன்ஷியலில் முதலில் ஒரு லிட்டர் மலிவான ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றி வடித்து, மிச்ச நீரை வெளியேற்றிய பிறகே நல்ல ஆயில்.

முதல் தடவை செய்பவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முழுநாள் பிடிக்கும். அதில் பாதி நேரம் கழுவுவதற்கே.

பின் பார்வை

சோதனை ஓட்டத்தில் 70லும் 80லும் அதே மாதிரிப் பள்ளங்களில் ஏற்றி இறக்கியும் உதறல் இல்லை. பழைய டேம்பரை வேண்டுமென்றே மாட்டி ஓட்டிப் பார்த்தபோதும் இல்லை. முழுக்க ஒடித்துத் திருப்பினால் சத்தம் இல்லை. ஸ்டீயரிங் முன்பைவிடச் சற்றுக் கனமாகத் தெரிந்தது; நக்கிள் இறுக்கம் சரியானால் அப்படித்தான் இருக்கும், முன்பு இருந்த லேசுதான் கோளாறு.

500 கி.மீ.யில் ஸ்டீயரிங் ஆர்ம் நட்களை மறுபடி சோதித்ததில் எட்டில் ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. ஹப்பில் ஆட்டம் இல்லை. 1,000 கி.மீ.யில் நக்கிள் பிளக்கைத் திறந்து அதே கம்பியை விட்டால் இரு பக்கமும் கட்டி கிரீஸ். டிஃபரன்ஷியல் ஆயில் அளவு இறங்கவில்லை. உருண்டையின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் மட்டும் தெரிகிறது, அது இருக்கத்தான் வேண்டும். படலம் இல்லாமல் காய்ந்திருந்தால் வைப்பர் அங்கே உருண்டையை அறுக்கும்.

இடப்பக்க ஸ்பிண்டிலின் உள்ளே இருக்கும் வெண்கல புஷ் தேய்ந்திருந்தும் இந்த முறை மாற்றவில்லை. தண்டு அதில் லேசாக ஆடுகிறது. அடுத்த முறை ஹப்பைத் திறக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.